மாமா வீட்டு ஃபைபர் கார்

திருவனந்தபுரத்தில் பழைய கார் வாங்கப் போகிறவர் முதலில் குனிந்துதான் பார்ப்பார். கதவின் அடி விளிம்பு, சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு, டிக்கியின் தரை. ஒரு பக்கம் கடல் காற்று. இன்னொரு பக்கம் ஜூனிலும் அக்டோபரிலுமாக வருஷத்துக்கு இரண்டு தடவை வரும் மழை. இரண்டும் சேர்ந்து இரும்பைத் தின்றுவிடுகின்றன. அதனால்தான் உறவுக்காரர் வீட்டு ஷெட்டில் பல வருஷமாக நிற்கும் ஃபைபர் கிளாஸ் காரைப் பார்த்ததும் மனசு தடுமாறுகிறது. தார்ப்பாயை விலக்கினால் துரு இல்லை, ஓட்டை இல்லை. துணியால் துடைத்தால் பழைய சிவப்பு பளபளக்கிறது.

கரமனையிலோ சாஸ்தமங்கலத்திலோ அப்படி ஒரு மாமா. பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டை விற்றுவிட்டு அவர்களிடம் போகத் தீர்மானித்தாயிற்று. பீரோவும் ஊஞ்சலும் போய்விட்டன. கார் மட்டும் பாக்கி. தங்கை மகன் கேட்கிறான், "என்ன விலை மாமா?" "நீ குடுக்கறதைக் குடு" என்கிறார் மாமா. பழைய கார் வியாபாரத்தில் இதைவிட ஆபத்தான விலை கிடையாது.

பேரத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: இது எந்த வகைக் கார்? ஃபைபர் பாடியோடு இந்தியாவில் ஓடும் கார்களில் இரண்டு ஜாதி உண்டு. முதல் ஜாதி, தொழிற்சாலையிலேயே அப்படிப் பிறந்தது. பெங்களூரின் சிபானி டால்ஃபின் அந்த வகை. இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரைத் தழுவி, 848 சி.சி. எஞ்சினோடு, இரண்டு கதவுகளோடு 1982-ல் வந்தது. மறு வருஷம் டிசம்பரில் மாருதி 800 வந்துவிட்டது. டால்ஃபினின் கதை ஏறக்குறைய அத்தோடு முடிந்தது. ஃபைபர் என்றால் பிளாஸ்டிக், தட்டினால் உடையும் என்று நம்பியவர்கள் அப்போது ஏராளம். பிறகு கோவாவில் சான் ஸ்டார்ம் வந்தது: இரண்டே பேர் உட்காரும், ரெனோ எஞ்சின் வைத்த சின்னக் கார். இவை அபூர்வமே தவிர சட்ட விரோதம் இல்லை. ஆர்.சி. புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் தெருவில் நிற்கிறது.

இரண்டாவது ஜாதிதான் சிக்கலானது. பழைய ஃபியட், ஜீப் அல்லது அம்பாசடரின் பாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, அதன் மேல் ஆசைப்பட்ட உருவத்தை ஃபைபரில் வார்த்து ஏற்றிய கார். அமெரிக்காவில் இதற்கு ஹாட் ராட் என்று பெயர். 1932-ம் வருஷத்து ஃபோர்டை வாங்கி, தேவையில்லாததை வெட்டி, பெரிய எஞ்சின் வைத்து ஓட்டிய இளைஞர்கள் ஆரம்பித்தது. அசல் ஃபோர்டுகள் தீர்ந்துபோனபோது அதே உருவத்தை ஃபைபரில் வார்த்து விற்க ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் காரணம் வேறு, வரி. லோட்டஸ் செவன் போன்ற கார்களைப் பகுதி பகுதியாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் கொள்முதல் வரி கிடையாது. 1973-ல் புது வரிமுறை வந்து அந்தச் சலுகையைத் தின்றது.

கையால் கார் கட்டுவது திருவனந்தபுரத்துக்கும் புதிதல்ல. 1966-ல் கே.ஏ.பி. மேனன் இந்த ஊரில் அரவிந்த் என்ற பெயரில் ஒரு காரைக் கட்டிக் காட்டினார். பெரிய அளவில் உற்பத்தி செய்யும் அவருடைய ஆசை நிறைவேறவில்லை. ஆனாலும் பழைய கார்க்காரர்கள் நடுவில் அந்தப் பெயர் இன்னும் உயிரோடு இருக்கிறது. தன் ஷெட்டில் நிற்பதும் அந்த வரிசையில் வந்ததுதான் என்று மாமா நினைத்தால் அதில் தப்பில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் அப்படி நினைக்குமா என்பதுதான் கேள்வி.

நினைக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இந்தப் பிரிவு எவ்வளவு கண்டிப்பானது என்ற வழக்கே கேரளத்திலிருந்துதான் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2019 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றத்தின் தாராளமான தீர்ப்பை ரத்து செய்து, அடிப்படை அமைப்பை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்தின்படி, வண்டியை விதிக்கு மாறாக மாற்றும் சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கேரள அதிகாரிகள் இதை ஏட்டளவில் வைத்திருப்பவர்கள் அல்ல. 2021 ஆகஸ்டில் கண்ணூரில் யூடியூப் சகோதரர்கள் இருவரின் வேன் பறிமுதலாகி, அது ஊர்ச் சண்டையாகவே மாறியது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

ஆகவே மாமாவிடம் கேட்க வேண்டிய முதல் பொருள் சாவி அல்ல, ஆர்.சி. புத்தகம். அதில் வண்டியின் பெயர், பாடியின் வகை, நிறம், எஞ்சின் எண், சேஸிஸ் எண் இருக்கும். டார்ச் அடித்து, அழுக்கைச் சுரண்டி, சேஸிஸில் பொறித்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். பாடி மாறியது எப்போது, அப்போது ஆர்.டி.ஓ. அனுமதித்துப் புத்தகத்தில் எழுதியிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். எழுதியிருந்தால் பேசுவதற்கு ஏதோ இருக்கிறது. புத்தகத்தில் ஃபியட் செடான் என்றிருந்து, ஷெட்டில் நிற்பது கதவில்லாத சிவப்பு ரோட்ஸ்டர் என்றால் அது தெருவுக்கு வரக்கூடிய கார் இல்லை. கே.எல்.டி. என்று ஆரம்பிக்கும் பழைய எண் என்றால் இன்னொரு வேலையும் உண்டு: அந்தப் பதிவு கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரிப்பது.

புராதன வண்டி என்று பதிவு செய்துகொள்ளலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். 2021-ல் வந்த அந்த விதி 50 வருஷம் கடந்த வண்டிகளுக்கு மட்டும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. தினசரி ஓட்டவும் கூடாது. 1982-ல் வாங்கிய டால்ஃபின்கூட 2032 வரை காத்திருக்க வேண்டும். வெட்டி ஒட்டிய காருக்கு அந்தக் கதவே திறக்காது.

புத்தகம் சரி என்றால் இப்போது காருக்குக் கீழே போகலாம். ஃபைபர் துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் காரைத் தாங்குவது அடியில் இருக்கும் இரும்புச் சட்டம். மேலே பாடி சொத்தையாகி எச்சரிக்காததால் கீழே அது சத்தமில்லாமல் அரிக்கப்படும். வீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது. சட்டத்தின் குறுக்குத் தண்டுகள், பாடியை அதோடு பிணைக்கும் போல்ட்டுகள், ஸ்பிரிங் பூட்டிய இடங்கள், இவற்றை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். உள்ளே இறங்கினால் பேச்சு முடிந்தது.

பாடியில் பார்க்க வேண்டியது வேறு. சிலந்திவலை போன்ற மெல்லிய கீறல்கள் மேற்பூச்சோடு நின்றால் கவலையில்லை. கீல், பூட்டு, பம்பர் பிடிப்பு இவற்றைச் சுற்றி இருந்தால் கண்ணாடி நார் வரை போயிருக்கலாம். விரல் முட்டியால் எல்லா இடத்திலும் தட்டிப் பார்ப்பது நல்லது. ஓரிடத்தில் மட்டும் ஓசை மந்தமாக இருந்தால் அடுக்குகள் பிரிந்திருக்கும். கொப்புளம் இருந்தால் ஈரம் உள்ளே போயிருக்கிறது. விளக்குகளையும் போட்டுப் பார்க்க வேண்டும். இரும்பு பாடியே மின்சாரம் திரும்பும் பாதையாக இருக்கும். ஃபைபரில் மின்சாரம் பாயாது, ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் வேண்டும். இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட் மினுக்கும் மர்மங்கள் பெரும்பாலும் இங்கே பிறப்பவைதான்.

ரிப்பேருக்கு ஆள் கிடைக்குமா என்ற பயம் இந்த ஊரில் வேண்டாம். சுத்தியல் பிடித்த டிங்கருக்கு ஃபைபர் பிடிபடாது என்பது வாஸ்தவம். ஆனால் விழிஞ்ஞத்திலும் அதற்குத் தெற்கே குளச்சல் வரையிலும் கடலோரமெங்கும் ஃபைபர் வள்ளங்கள். கிழிந்த இடத்தைச் சாய்வாகத் தேய்த்து, நார்ப்பாயை அடுக்கி, ரெசினும் ஹார்டனரும் கலந்து பூசி இறுக வைக்கத் தெரிந்த கைகள் அங்கே இருக்கின்றன. படகுக்காரர் காரைப் பார்த்துச் சிரிக்கலாம். வேலை உறுதியாக இருக்கும். கஷ்டம் முன் கண்ணாடிக்கும் கதவு ரப்பருக்கும்தான். அந்த உருவத்துக்கென்றே செய்தவை அவை. அடுத்தது கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம்.

செலவுக் கணக்கையும் மாமா எதிரிலேயே எழுதிப் பார்த்துவிடுவது நல்லது. தனியார் காரின் பதிவு 15 வருஷத்துக்கு; பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 20 வருஷம் கடந்த காருக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அரசு இதற்கான கட்டணத்தை 10,000 ரூபாயாக உயர்த்தியது. அதே வருஷ கேரள பட்ஜெட், 15 வருஷம் கடந்த வண்டிகளுக்கான வரியை 50 சதவீதம் ஏற்றியது. ஷெட்டில் தூங்கிய வருஷங்களின் பாக்கி தனி. இவை எல்லாம், கூடவே டயர், பிரேக், பெட்ரோல் டேங்க் செலவும் கழித்து மிச்சம் நிற்பதே வாங்குபவரின் விலை. அடியில் இருக்கும் ஃபியட்டுக்குச் சந்தையில் என்ன மதிப்போ அதைத் தாண்டுவது பிரியத்துக்குக் கொடுக்கும் பணம். கொடுக்கலாம், மருமகனுக்கு அதற்கு உரிமை உண்டு. என்னவென்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிரியத்தால் நடக்கிற இன்னொரு காரியம் பெயர் மாற்றாமல் விடுவது. "நம்ம வீட்டுக்குள்ளேதானே" என்று சாவி கை மாறும், புத்தகம் மாறாது. நஷ்டம் இதில் விற்றவருக்கு. கை மாறிக் கை மாறிப் போன ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், நஷ்டஈடு கொடுக்க வேண்டியவர் ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுபது வயதில் மகன் வீட்டில் இருக்கும் மாமாவுக்கு, எப்போதோ கொடுத்துவிட்ட காருக்காகச் சம்மன் வருவதை எந்தத் தங்கையும் விரும்பமாட்டாள். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள் அவகாசம். நாகர்கோவிலுக்கோ சென்னைக்கோ கொண்டுபோவதாக இருந்தால் தடையில்லாச் சான்றும் வேண்டும். பழைய சொந்தக்காரர் இறந்துவிட்டிருந்தால் படிவம் 31. வாரிசுகள் எல்லோரும் சம்மதிக்க வேண்டியிருக்கும், ஆளுக்கொரு ஊரில் இருந்தாலும்.

மாமா நலமாக இருக்கிறார், டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. அவர் விமானம் ஏறுவதற்குள் 29, 30 ஆகிய படிவங்களில் அவருடைய கையெழுத்து விழுந்தாக வேண்டும். காரை ஷெட்டிலிருந்து வெளியே தள்ளுவது அதற்கு அடுத்த நாள் நடக்கலாம்.