இரண்டு தொகுப்புகளுக்கு நடுவே பத்து வருடம்



காலால் இரண்டு தட்டு, கையால் ஒரு தட்டு. இந்தத் தாளத்தைத் தட்டாத ஆள் நம் வாலிபர் ஐக்கியத்தில் இருக்கமாட்டார். ‘வீ வில் றொக் யூ’ என்ற அந்தப் பாட்டு குவீன் என்ற றொக் இசைக்குழுவினுடையது. அதையும் சேர்த்து தங்களின் புகழ்பெற்ற 17 பாடல்களை ‘கிரேட்டஸ்ற் ஹிற்ஸ்’ என்ற தொகுப்பாக அவர்கள் 1981 ஒக்டோபர் 26ஆம் திகதி இங்கிலாந்தில் வெளியிட்டார்கள். பிரித்தானியாவில் அதைவிட அதிகம் விற்பனையான இசைத்தொகுப்பு இன்றுவரை இல்லை. 2022இல் அது 70 இலட்சத்தைத் தொட்டது.

தொகுப்பு வெளிவந்து ஒரு மாதத்தில் அந்தக் குழு மொன்றியலுக்கு வந்தது. அற்வாட்டர் மெற்றோவுக்கு அருகில் நாம் இப்போது படம் பார்க்கப் போகும் போறம் கட்டடம் அப்போது ஹொக்கி அரங்கு. நவம்பர் 24, 25 இரவுகளில் அங்கே நடந்த நிகழ்ச்சி படமாக்கப்பட்டது. அதில் பாடுகிற பிரெடி மெர்க்குரியின் சொந்தப் பெயர் பாறூக் புல்சாரா. இந்தியப் பார்சிப் பெற்றோருக்கு சன்சிபாரில் பிறந்தவர். மகாராஷ்டிராவின் பஞ்ச்கனியில் ஒரு விடுதிப் பாடசாலையில் படித்து வளர்ந்தவர்.

அதே 1981 ஜூன் மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு சிறிய அறிக்கை வெளியிட்டிருந்தது. லொஸ் ஏஞ்சல்சில் ஐந்து இளைஞர்களுக்கு அபூர்வமான ஒரு நிமோனியா. எயிட்ஸ் என்ற பெயர் அப்போது இல்லை.

‘கிரேட்டஸ்ற் ஹிற்ஸ்’ இரண்டாம் தொகுப்பு 1991 ஒக்டோபர் 28ஆம் திகதி வந்தது. அதிலும் 17 பாடல்கள். நான்கு வாரம் கழித்து, நவம்பர் 23ஆம் திகதி, தனக்கு எயிட்ஸ் என்று மெர்க்குரி அறிக்கை விட்டார். மறுநாள் இறந்தார். வயது 45. மொன்றியல் மேடையில் பாடிய அதே நாள், சரியாகப் பத்து வருடத்தின் பின்.

அந்த இரண்டாம் தொகுப்பைக் கேட்டுப் பாருங்கள். கடைசிப் பாடல்களைப் பாடியபோது அவர் நன்றாக நோயுற்றிருந்தார். ஆனால் குரலில் அது தெரியாது. பத்திரிகைகள் வீட்டு வாசலில் காத்து நின்றன. அவரோ கடைசி நாள்வரை உலகத்துக்குச் சொல்லவில்லை. சொன்னால் மனிதர் எப்படிப் பார்ப்பார்கள் என்பது அன்று எல்லாருக்கும் தெரியும்.

“அது வெள்ளைக்காரரின் வருத்தம்” என்று நம் பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். 1986இல் டொக்டர் சுனிதி சொலமனின் குழு சென்னையில் எடுத்த இரத்த மாதிரிகளை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பரிசோதித்தபோதுதான், எச்.ஐ.வி. இந்தியாவிலும் இருப்பது முதன்முதலில் தெரியவந்தது. நம் சபைகள் தாங்கி வளர்த்த அதே வேலூர்.

மெர்க்குரி இறந்து ஐந்து வருடத்துக்குள் கூட்டு மருந்துகள் வந்துவிட்டன. இன்று ஒழுங்காகக் குளிசை எடுப்பவர் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே நீண்டகாலம் வாழலாம். பரிசோதனையில் தென்படாத அளவுக்கு வைரஸ் குறைந்து, அப்படியே இருந்தால், பாலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது. கைகுலுக்குவதாலோ, கட்டியணைப்பதாலோ, ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதாலோ எக்காலத்திலும் தொற்றியதில்லை.

மருந்து மாறிவிட்டது. நாம் மாறினோமா?

சாட்சி நேரத்தில் நாமும் ‘கிரேட்டஸ்ற் ஹிற்ஸ்’தான் சொல்கிறோம்: பரீட்சை, வேலை, விசா, வீடு. சொல்லாத பாட்டு ஒன்று பக்கத்து இருக்கையில் இருக்கலாம். எச்.ஐ.வி.யாக இருக்கலாம், மன அழுத்தமாக, வலிப்பாக இருக்கலாம். ஒருவர் துணிந்து நம்மிடம் சொன்னால், நாம் அதை “ஜெபக்குறிப்பு” என்று வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். மாலைக்குள் ரொறொன்ரோவில் உள்ள மாமிக்கும் தெரிந்துவிடும். வைத்தியசாலையில் ஒரு தாதி அப்படிச் செய்தால் வேலை போய்விடும். சபையில் அதற்கு ‘ஆமென்’ சொல்கிறோம்.

மாற்கு முதலாம் அதிகாரத்தில் குஷ்டரோகி வந்தபோது, எப்படி வந்தது இந்த நோய் என்று இயேசு கேட்கவில்லை. கையை நீட்டித் தொட்டார். அதன் பிறகே சுகம். ஊரார் தொடாத ஒருவருக்கு அந்தத் தொடுதலே முதல் மருந்து.

ஆகவே இந்த மாதம் இரண்டு காரியம். ஒன்று, யாராவது தன் வருத்தத்தைச் சொன்னால், “நான் யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று முதலில் சொல்லுங்கள். பிறகு அதைக் காப்பாற்றுங்கள். அவர் பெயர் சொல்லாமலும் ஜெபிக்கலாம். ஆண்டவருக்குப் பெயர் தெரியும். இரண்டு, உங்களுக்கே சந்தேகம் இருந்தால் 811க்கு அழைத்துத் தாதியிடம் கேளுங்கள். கியூபெக்கில் 14 வயதானவர் தன் பரிசோதனைக்குத் தானே சம்மதிக்கலாம். பெற்றோரே, இதைப் படித்துக் கோபப்படவேண்டாம். பிள்ளை முதலில் உங்களிடம் வரவேண்டும் என்றால், அதற்கான கதவை இன்றைக்கே வீட்டில் திறந்து வையுங்கள்.

டிசம்பர் 1 உலக எயிட்ஸ் தினம். அந்த வாரம் வாலிபர் கூட்டத்தில் ஐந்து நிமிடம் இதற்காக ஒதுக்குங்கள்.

கர்த்தர் உங்களைக் காப்பாராக.