வழி தவறும் குழந்தையும் அண்டை வீட்டாரும்

கரோல் பாக்கில் வாழும் தமிழ்க் குடும்பத்தார்க்கு அஜ்மல்கான் சாலையின் நெரிசலைப் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. கைப்பிடி நழுவினால் பெரியோரே பிரிந்துபோகும் இடம் அது. ஆட்டிசம் உடைய குழந்தையொன்று அங்கே தனித்து நின்றால் என்ன நேரும் என்பதை இம்மாதம் அன்பர்களுடன் எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

ஆட்டிசம் பித்துமன்று, பெற்றோர் வளர்ப்பின் குறையுமன்று. மூளையின் வளர்ச்சியில் அமையும் ஒரு வேறுபாடு. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இதனை ஏற்றுள்ளன. நம் தில்லியிலேயே, 1991இல் தோன்றிய 'ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்' என்னும் அமைப்பு பெற்றோர்க்குப் பயிற்சியளித்து வருகிறது.

இக்குழந்தைகளுள் பலர் பேரொலியைப் பொறுக்கமாட்டார். காதைப் பொத்திக்கொண்டு ஓடுவர். சிலர்க்குப் பேச்சே இராது. வேறு சிலர் கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்வர். "உன் பெயரென்ன?" என்று காவலர் இந்தியில் வினவ, குழந்தையும் அதையே சொன்னால், கேலி செய்வதாகவன்றோ அவர் கருதுவார்? வீட்டில் தமிழன்றி வேறு கேளாத குழந்தையாயின் இடர் இருமடங்கு.

அமெரிக்காவில் 2012இல் வெளியான ஆய்வொன்று, நான்கு வயதைக் கடந்த இத்தகைய குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் ஒருமுறையேனும் காவலான இடத்தைவிட்டு அகல முயன்றதாகக் கூறுகிறது. ஆகவே இஃது எங்கோ யார்க்கோ நேர்வதென்று இருத்தல் தகாது.

நிற்க, செய்யத்தக்கன சில. குழந்தையின் பெயர், தொலைபேசி எண், 'பேச்சு வராது, அதட்ட வேண்டா' என்னும் குறிப்பு ஆகியவற்றை இந்தியில் எழுதிய அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும். காணாமற்போனால் முதலில் நீர்நிலைகளையும், அடுத்துக் குழந்தை விரும்பும் இடங்களையும் தேடுக. இரயில் அலுவலில் இருக்கும் நாம் ஒன்று சொல்வோம்: சுழலும் சக்கரத்திலும் ஓடும் வண்டியிலும் மனம் பறிகொடுக்கும் குழந்தைகள் உண்டு. மெட்ரோ நிலையத்தையும் தண்டவாளத்தையும் மறவற்க. அதே வேளையில் 112க்குத் தெரிவிக்க. குழந்தை காணாமற்போன புகாரைக் காவல்துறை வழக்காகப் பதிய வேண்டுமென்று உச்சநீதிமன்றம் 2013இல் ஆணையிட்டுள்ளது. ஒருநாள் பொறுத்திருக்க வேண்டுவதில்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இரயில்வேக்கு 139.

தனித்து நிற்கும் இத்தகைய குழந்தையைக் காண்போர், கூட்டத்தை விலக்கி, கையைப் பற்றி இழுக்காமல், சிறு சொற்களால் மெல்லப் பேசி அருகிருத்தல் வேண்டும். கதறும் குழந்தையை அணைத்துச் செல்லும் தந்தையைக் கண்டவுடன் பிள்ளை பிடிப்பவனென்று கூச்சலிடுதலும் ஆகாது.

யாவற்றினும் மேலாக ஒன்று. ஊரார் ஏச்சுக்கு அஞ்சி இக்குழந்தைகளைக் கதவுக்குள் வைத்துக் காக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. தெருவில் எவரும் அறியாத குழந்தை வழி தவறினால், 'இது மூன்றாம் மாடி வீட்டுப் பிள்ளை' என்று சொல்ல ஆளிராது. சங்கத்தின் அடுத்த விழாவிற்கு அக்குழந்தைகளையும் அழைத்து வாருங்கள். ஒலிபெருக்கிக்கு எட்டத்தில் ஓரிடம் ஒதுக்கித் தருவது சங்கத்தாரின் கடமை. முகமறிந்து பெயர் சொல்லி அழைப்பது நம் அனைவரின் கடமை.