ஆடாத படகா, மெல்ல ஆடும் படகா?

1968ஆம் ஆண்டு ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மவுத் துறையிலிருந்து ஒரு சிறு பாய்மரப் படகு புறப்பட்டது. நீளம் சுமார் 32 அடி, நம் ஊர் டவுன் பஸ் அளவுதான். ஓட்டியவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஒரே மாலுமி. எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் உலகைச் சுற்றி, 312 நாட்களுக்குப் பின் அவர் அதே துறைக்குத் திரும்பினார். அந்தப் போட்டியில் இறங்கிய ஒன்பது பேரில் முடித்தவர் அவர் ஒருவரே. 'சுஹைலி' என்ற அந்தப் படகு நம் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது.

சுஹைலி வேகமான படகு அன்று. கனத்த உடல், நீண்ட அடிக்கட்டை, பின்புறமும் முன்புறத்தைப் போலவே கூர்ந்திருக்கும். இன்று விற்பனைக்கு வரும் பல பாய்மரப் படகுகளோ எடை குறைந்தவை. பின்பகுதி வரை அகன்றவை. உள்ளே பெரிய கட்டில், விசாலமான கூடம். துறைமுகத்தில் கட்டிப்போட்டிருக்கும்போது ஏறிப் பார்த்தால், இதுவல்லவோ சொகுசு என்று தோன்றும். நெடுங்கடலில் இவை சொகுசானவை அல்ல என்பதே என் கருத்து.

அகன்ற, இலேசான படகு சாய்ந்தால் சட்டென்று நிமிரும். இது நல்லதுதானே என்று கேட்பீர்கள். ஊசலைப் பற்றிப் படித்ததை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். ஒரே கோணத்துக்கு ஆடும் இரண்டு படகுகளில் ஒன்றின் அலைவுக் காலம் மற்றதில் பாதி என்றால், அதிலிருப்பவர் உணரும் முடுக்கம் நான்கு மடங்கு! வயிற்றைக் கலக்குவதும், கையிலுள்ள குவளையைப் பறிப்பதும், ஆளைச் சுவரில் மோதுவதும் இந்த முடுக்கமே.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். தொட்டி நீரில் ஒரு தட்டையான பலகையையும், அடியில் மணல் போட்டு இறுக மூடிய ஒரு பாட்டிலையும் மிதக்க விடுங்கள். நீரைக் கையால் அலைத்தால் பலகை ஒவ்வோர் அலையின் சரிவோடும் சரியும். பாட்டிலோ ஏறி இறங்குமே தவிர, ஏறக்குறைய நிமிர்ந்தே நிற்கும்.

எடை எவ்வளவு என்பது மட்டுமன்று, எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கழைக்கூத்தாடி கையில் நீண்ட கழியைப் பிடிப்பது ஏன்? மையத்திலிருந்து தள்ளியிருக்கும் எடை, அவர் உடல் சட்டென்று சாய்வதைத் தடுக்கிறது. படகுக்குப் பாய்மரம் அப்படிப்பட்ட கழி. புயலில் பாய்மரம் முறிந்த படகு முன்னைவிட வேகமாக, வெடுக்கு வெடுக்கென்று ஆடும். 1979ஆம் ஆண்டு ஆகஸ்டில் நடந்த ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் கலந்துகொண்டன. புயலில் சிக்கிப் போட்டியாளர்கள் 15 பேர் இறந்தனர். அதன்பின் நடந்த ஆய்வுகளும், உடைந்து விழும் அலை படகைக் கவிழ்க்காமல் தடுப்பதில் பாய்மரத்தின் நிலைமத்துக்குப் பெரும்பங்கு உண்டு என்று காட்டின. அந்தப் பந்தயத்தில் ஆட்கள் கைவிட்ட 24 படகுகளில் 19 பின்னர் மிதந்த நிலையிலேயே மீட்கப்பட்டன. படகு தாங்கியும் மனிதரால் தாங்க முடியாத நிலை என்று ஒன்று உண்டல்லவா? அதனால்தான் சொகுசை நான் ஆடம்பரமாக எண்ணவில்லை. தூக்கமில்லாத மாலுமி தவறு செய்வார்.

நம் கடற்படை அதிகாரிகளான தில்னாவும் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற 56 அடிப் படகில் புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினார்கள். படகில் வேறு யாரும் இல்லை. இப்படிப்பட்ட பயணத்தில் ஒருவர் காவலிருந்தால்தான் மற்றவர் கண்ணயரலாம். அந்தச் சில மணி நேரத் தூக்கத்துக்குப் படுக்கை எங்கே இருக்க வேண்டும்? பஸ்ஸின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து போனவர்களுக்கு விடை தெரியும். முனைகளில் குலுக்கல் அதிகம், நடுவில் குறைவு. ஆகவே படுக்கையும் அடுப்பும் படகின் நடுப்பகுதியை ஒட்டியே அமைய வேண்டும். படுக்கைக்கு இரண்டடி அகலம் போதும். பக்கத்தில் ஒரு துணியை இழுத்துக் கட்டிவிட்டால், தூளியில் கிடக்கும் குழந்தை போல உருளாமல் தூங்கலாம். பெரிய கட்டிலில் இரவு முழுவதும் உருண்டுகொண்டே இருக்க வேண்டியதுதான்!

கனத்த படகு மெதுவாகத்தானே போகும், பயணம் நீளுமே என்று வேகப் படகின் ஆதரவாளர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. மென்காற்றில் இலேசான படகு முந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் குடிநீர் என்று வைத்துக்கொண்டாலும், இருவருக்கு 40 நாட்களுக்கு 240 கிலோ. அதன்மேல் உணவு, எரிபொருள், நங்கூரச் சங்கிலி, மாற்றுப் பாய்கள். இத்தனையும் ஏற்றிய பிறகு அது இலேசான படகாகவா இருக்கும்?