எடைகள் மட்டும் போனால் போதாது

பைத்தானில் பயிற்றுவித்த நரம்பு வலையின் எடைகளை சி++க்கு மாற்றுவது எண்களை நகலெடுக்கும் வேலைதானே, அதற்கு ஓஎன்என்எக்ஸ் என்ற பொது வடிவமே 2017 முதல் இருக்கிறதே என்பார்கள். எண்கள் பத்திரமாகவே போய்ச் சேரும். சிக்கல் எடைகளுக்கு வெளியே இருக்கிறது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் 2023இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2 என்ற மொழிபெயர்ப்பு மாதிரி தமிழைத் தமிழெழுத்தில் படிப்பதில்லை; முன்தயாரிப்பு நிரல் அதைத் தேவநாகரியாக்கித் தருகிறது (தமிழனுக்கு இது சற்று உறுத்தும்). அந்தப் படி எடைக் கோப்பில் கிடையாது. அதை விட்டுவிட்டால், திண்டிவனத்து மல்லாட்டை (நிலக்கடலை) விவசாயியின் கேள்விக்குப் பிழைச்செய்தி வராது. தப்பான ஆங்கிலம் சரளமாக வரக்கூடும். ஆகவே மாற்றுகிறவர் ஒப்பிட்டுச் சரிபார்க்க, எடைகளோடு சோதனை வாக்கியங்களையும் அவற்றுக்கான இடைநிலை எண்களையும் வெளியிடுவதே முறை. கூடுதல் சுமை என்று முனகுவோருக்கு: ஜிகாபைட் கணக்கில் எடைகளை ஏற்றுகிறவர்களுக்குச் சில கிலோபைட் பாரமில்லை.