அரச இலை 15, இதய மாத்திரை 14

1/ அரச இலை 15 எடுத்து, நுனியும் காம்பும் கிள்ளிட்டு, ஒரு டம்ளர் தண்ணியில மூணுல ஒரு பங்கா வத்தவச்சுக் குடிச்சா இதய அடைப்பு கரைஞ்சிடுமாம். உங்க குடும்ப குரூப்லயும் இந்த ஃபார்வர்டு வந்திருக்கும். இலை இதய வடிவத்துல இருக்கறதுதான் அதுல சொல்ற காரணம்.

2/ நிஜ இதயம் அந்த வடிவத்துல இல்லை. கைமுஷ்டி அளவுல, இடப்பக்கம் சாய்ஞ்ச ஒரு தசைப்பை அது. நாம "இதய வடிவம்"னு சொல்றது சீட்டுக்கட்டு ஆர்ட்டின்.

3/ வடிவம்தான் மருந்துன்னா பூவரசும் மருந்து, வெற்றிலையும் மருந்து. எங்க வாடிப்பட்டி தாலுகா சோழவந்தான் வெற்றிலைக்கு 2023ல புவிசார் குறியீடே கிடைச்சது. தினமும் வெற்றிலை போடுறவங்களுக்கும் மாரடைப்பு வரத்தான் செய்யுது. கூட அடக்குற புகையிலை அந்த ஆபத்தை இன்னும் கூட்டுது.

4/ அடைப்புங்கறது ரத்தக்குழாய் சுவருக்குள்ள வருஷக்கணக்கா படியிற கொழுப்பு. அது வெடிச்சா மேல ரத்தம் உறையும். குழாய் அடைபடும். ரத்தம் போகாத இதயத்தசை சாக ஆரம்பிக்கும். அரச இலைக் கஷாயம் இதைக் கரைக்கும்னு மனுஷங்ககிட்ட நிரூபிச்ச ஆய்வு எதுவும் கிடையாது.

5/ என் பயம் கஷாயத்தைப் பத்தி இல்லை. அதை நம்பி மாத்திரையை நிறுத்துறதைப் பத்தி. ஸ்டென்ட் வச்சவங்க ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையை நிறுத்தினா ஸ்டென்ட்டே அடைச்சிடலாம். உயிர் போகலாம்.

6/ 2023 ஜூன்ல தமிழக அரசு "இதயம் காப்போம்" திட்டம் தொடங்குச்சு. மாரடைப்பு அறிகுறியோட வந்தா ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் துணை சுகாதார நிலையத்துலயும் தர்றது 14 மாத்திரை: ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8. உறைகட்டி பெருசாகாம பார்த்துக்கிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர நேரம் வாங்கித் தர்ற மருந்து. எங்களுக்கு மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி சுமார் 25 கிலோமீட்டர். ஆனா நீங்களா வாங்கிப் போடாதீங்க; குடல்புண், ரத்தக்கசிவு உள்ளவங்களுக்கு ஆபத்து.

7/ நடுநெஞ்சுல அழுத்தம், இடது கை, தாடைக்குப் பரவுற வலி, குப்புனு வியர்வை, மூச்சுவாங்கல். சுகர் இருக்கறவங்களுக்கு வலியே இல்லாமலும் வரலாம். "வாயுப்பிடிப்பு"ன்னு சோடா குடிச்சுட்டுப் படுக்காதீங்க. 108க்கு போன் பண்ணுங்க. ஈசிஜி எடுக்க சில நிமிஷம் போதும்.

8/ அரச மரத்தைச் சுத்துங்க, நிழல்ல உட்காருங்க, நடங்க. நல்லதுதான். மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேக்காம நிறுத்தாதீங்க. அந்த ஃபார்வர்டு வந்த குரூப்லயே இதையும் போட்டு விடுங்க.