கால்வாய்க் கரையைக் காருக்குக் கொடுத்துடாதீங்க

1.
சுகர், பிரஷர்னு வர்றவங்ககிட்ட டாக்டர்கள் எல்லாரும் சொல்ற ஒரே வரி: "தினமும் அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் நடங்க." தேனி, கம்பம் பக்கத்துல இதைச் சொன்னா பதிலுக்கு ஒரு கேள்வி வரும்: "எங்கிட்டு சார் நடக்குறது? ரோட்டுல போனா ஜீப்புக்காரன் அடிச்சுப் போட்டுட்டுப் போயிருவான்."

சோம்பேறித்தனத்துக்குச் சொல்ற சாக்கு இல்ல இது. நியாயமான கேள்வி. அதுக்கு என் பதில்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2.
பள்ளத்தாக்கோட முதுகெலும்பு திண்டுக்கல் - தேனி - குமுளி தேசிய நெடுஞ்சாலை 183. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் எல்லாம் இதே ரோட்டை ஒட்டித்தான் இருக்கு. விடியக்காலைல கேரளா ஏலக்காய் தோட்டங்களுக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போற ஜீப்புகள். பகல்ல காய்கறி, திராட்சை, வாழை லோடு. கார்த்திகை, மார்கழியில சபரிமலை வண்டிகள். அந்தக் கூட்டத்தைச் சமாளிக்க, போறதுக்குக் கம்பமெட்டு, திரும்புறதுக்குக் குமுளின்னு போலீஸ் ஒருவழிப்பாதை போடுற அளவுக்கு நெரிசல்.

நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் நல்ல நேரம் அதிகாலை. ஜீப்புகள் பறக்குறதும் அதே நேரம்தான்.

3.
2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. இதில் கிட்டத்தட்ட 5-ல் ஒருவர் நடந்து போனவர். வண்டியே ஓட்டாத மனுஷன்.

வேகம் என்ன செய்யும்னு உலக சுகாதார நிறுவனம் தெளிவா சொல்லியிருக்கு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வர்ற கார் மோதுறதைவிட, 65-ல் வர்ற கார் மோதினா நடந்து போறவர் சாகும் வாய்ப்பு நாலரை மடங்கு. கூடுனது வெறும் 15 கிலோமீட்டர்தான்.

4.
இன்னொரு பக்கம் நோய். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி நம்ம நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி. இன்னும் 13.6 கோடி பேர் சர்க்கரை நோயின் வாசப்படியில் நிக்கிறாங்க. இது நகரத்து வியாதி, கிராமத்தில் உழைக்கிறவனுக்கு வராதுங்கிற காலம் போயாச்சு. வயலுக்கு டூவீலர், உழவுக்கு டிராக்டர், தண்ணி பாய்ச்ச மோட்டார் சுவிட்சு. உழைப்பு குறைஞ்சுபோச்சு, மூணு வேளை சோறு மட்டும் குறையல.

ஆக, ரோட்டுல இறங்கினா விபத்து பயம். வீட்டுல உட்கார்ந்தா சுகர். ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி இருக்கா? இருக்கு. அது தார் போடாத வழி.

5.
கிராவல் பைக்கிங்னு வெளிநாட்டில் ஒரு விளையாட்டு பெருசா வளர்ந்திருக்கு. கிராவல்னு சொன்னதும் நமக்கு டிப்பர்ல போற மண்ணுதான் ஞாபகத்துக்கு வரும். விஷயம் கிட்டத்தட்ட அதேதான். கார், லாரி வராத கப்பி ரோடு, மண் ரோடாப் பார்த்து சைக்கிள் ஓட்டுறது. கொஞ்சம் அகலமான டயர் போட்ட சைக்கிள், அவ்வளவுதான். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2006-லிருந்து இதுக்குப் போட்டி நடக்குது. 2022-ல் இத்தாலியில் முதல் உலக சாம்பியன்ஷிப்பே நடத்திட்டாங்க. இதற்கான சைக்கிள் லட்ச ரூபாயைத் தாண்டியும் விக்குது.

நம்ம ஊர்ல மாட்டுக்குப் புல்லுக்கட்டு வச்சு வரப்போரம் ஓட்டிட்டு வர்ற தாத்தா இதைத்தான் அம்பது வருஷமா செய்றார். அவருக்கு யாரும் மெடல் கொடுக்கல.

6.
சரி, நமக்கு இடம் எங்கே? 1895-ல் முல்லைப் பெரியாறு அணை திறந்ததிலிருந்து தண்ணி வரத்து நிலையாகி, லோயர் கேம்ப் தொடங்கி பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் விளையிற பூமி இது. இத்தனை வயலுக்கும் தண்ணி போகணும்னா எத்தனை வாய்க்கால் வேணும்? ஒவ்வொரு வாய்க்காலுக்கும் கரை உண்டு. அது போக, லோயர் கேம்ப்பிலிருந்து தேவாரம், போடி பக்கத்துக் கண்மாய்களுக்குப் போற 18-ம் கால்வாய். ஊருக்கு ஊர் கண்மாய்க் கரை. திராட்சைத் தோட்டத்துக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவுல பழைய வண்டிப்பாதைகள்.

ரெண்டு பக்கமும் மலை. ஆனா நடுவுல பள்ளத்தாக்கோட தரை பெரும்பாலும் சமம். கியர் இல்லாத சைக்கிளே போதும். இதைப் புதுசா கட்ட வேண்டியதில்ல. இருக்கிறதைக் கெடுக்காம இருந்தா போதும்.

7.
என் கருத்தை நேரடியா சொல்லிடறேன். ஊருக்கு ஊர் தார் ரோடு அவசியம். ஆனா பக்கத்துலயே தார் ரோடு ஓடும்போது, கால்வாய்க் கரைக்கும் தார் போடணும்னு கேக்காதீங்க. கப்பியே பெரிய ஸ்பீடு பிரேக்கர். சரளை மண்ணுல எந்த இளவட்டமும் 80-ல் பறக்க முடியாது. தார் போட்ட மறுநாளே அது குறுக்கு வழி ஆயிடும். நெடுஞ்சாலை நெரிசல்ல இருந்து தப்பிக்கிற கார் எல்லாம் அங்கே வரும். அப்புறம் அந்தக் கரையில நடக்குற கிழவியும் ஓரமா ஒதுங்க வேண்டியதுதான்.

8.
"டாக்டரே, நீங்க ஜாலியா சைக்கிள் ஓட்ட நாங்க புழுதி தின்னணுமா?"ன்னு ஒரு விவசாயி கேட்டா அது சரியான கேள்வி. பிரசவ வலியில ஒரு பொண்ணு துடிக்கும்போது 108 ஆம்புலன்ஸ் குழியில மாட்டி நிக்கக் கூடாது. குடியிருப்பு இருக்கிற எந்தத் தெருவுக்கும் தார் ரோடு வேணும், அதுல சமரசமே கிடையாது. விளைச்சலை ஏத்த டிராக்டர் கரையில வரட்டும், மாட்டுவண்டி வரட்டும். அவங்க வேகத்தால யாருக்கும் ஆபத்தில்ல. நான் கேக்குறது கரையை ரோலர் விட்டுச் சமப்படுத்தி, மழைத்தண்ணி வடிய வழி செஞ்சு, சீமைக்கருவேலத்தை வெட்டி, கப்பியாவே பராமரிக்கணும்னு. குழியா கிடக்கிறது வேற, பராமரிச்ச கப்பி ரோடு வேற.

9.
உடம்புக்கு என்ன லாபம்? தொடைத் தசைதான் நம்ம உடம்புலயே பெரிய தசைகள்ல ஒண்ணு. அது வேலை செய்யும்போது இன்சுலின் வரட்டும்னு காத்திருக்காம ரத்தத்திலிருந்து சர்க்கரையை நேரா உறிஞ்சும். மூட்டுவலிக்காரங்களுக்கு நடையைவிட சைக்கிள் சுகம், ஏன்னா உடம்பு எடையை சீட் தாங்குது. மண் ரோட்டுல ஓட்டும்போது உடம்பு பேலன்ஸுக்கும் பயிற்சி.

கோபன்ஹேகனில் நடந்து 2000-ல் வெளியான ஆய்வில், வேலைக்கு சைக்கிளில் போகாதவர்களின் இறப்பு விகிதம் போகிறவர்களைவிட 39% அதிகமா இருந்தது. சைக்கிள் மட்டுமே காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றதில் சந்தேகமே இல்ல. தினமும் அரை மணி நேரம், வாரத்துக்கு 5 நாள். கணக்கு சரியாப் போச்சு.

10.
இதுல பெரியவங்களைவிட எனக்குக் கவலை பிள்ளைங்க மேலதான். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் 11-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் விலையில்லா சைக்கிள் கொடுக்குது. 2001-02-ல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்குன்னு ஆரம்பிச்சு அப்புறம் எல்லாருக்கும் ஆச்சு. பெண்பிள்ளைகள் படிப்பு நிக்காம இருக்க இதைவிட நல்ல திட்டம் குறைவு. ஆனா "மெயின் ரோட்டுல போகணும், வேண்டாம்"னு பெத்தவங்க பயந்தா, சைக்கிள் திண்ணையில துருப்பிடிக்கும், பிள்ளை ஷேர் ஆட்டோவுல தொங்கும். சைக்கிளைக் கொடுத்த கை வழியையும் கொடுக்கணும்.

11.
ஒரு எச்சரிக்கை. தோட்டம், வயல், கரை வரைக்கும்தான் நான் சொல்றேன். காட்டுக்குள்ள வேண்டாம். 2018 மார்ச் 11-ல் குரங்கணி காட்டுத்தீயில் 23 உயிர் போச்சு. 2023 மே மாசம் அரிக்கொம்பன் யானை கம்பம் டவுனுக்குள்ளயே வந்துச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை 2021-லிருந்து புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாம ஒரு சக்கரம்கூட உள்ள போகக்கூடாது. கூடலூர், லோயர் கேம்ப், சுருளி பக்கம் மலையடிவாரத்தில் இருட்டு விலகினதும் கிளம்புங்க, இருட்டுறதுக்கு முன்ன வீட்டுக்கு வந்துடுங்க.

12.
ஓட்ட ஆரம்பிக்கிறவங்களுக்கு:
- டயர்ல காத்து கல்லு மாதிரி அடிக்காதீங்க. மண்ணுக்குக் கொஞ்சம் இளக்கமா இருக்கணும். கருவேல முள்ளு குத்தும், பஞ்சர் சாமான் பையில இருக்கட்டும்.
- இன்சுலினோ சுகர் மாத்திரையோ எடுக்கிறவங்க வெறும் வயித்துல கிளம்பாதீங்க. படபடப்பு, நடுக்கம், வியர்வைன்னா உடனே சாப்பிட சீனியோ மிட்டாயோ சட்டைப் பையில வேணும்.
- செருப்பு வேண்டாம், ஷூ போடுங்க. திரும்பி வந்ததும் பாதத்தைப் பாருங்க.
- கண் விழித்திரையில் ரத்தக்கசிவு இருக்குன்னு சொல்லப்பட்டவங்க, நெஞ்சுவலி, மூச்சுவாங்கல் உள்ளவங்க உங்க டாக்டரைக் கேட்காம ஆரம்பிக்காதீங்க.
- திராட்சைத் தோட்டத்தில் மருந்து அடிக்கிறது தெரிஞ்சா வேற பாதையில போங்க.
- ஆடி மாசம் மேக்காத்து வெளுத்து வாங்கும். போகும்போது எதிர்காத்துல போங்க, வரும்போது அதுவே தள்ளிவிடும்.

13.
கடைசியா ஒரு வேலை. கால்வாய்க் கரை நீர்வளத்துறையோடது, ஊர்ப் பாதை ஊராட்சியோடது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2-ல் கிராமசபை கூடும். உங்க ஊர்ல எந்தக் கரை, எந்த வண்டிப்பாதை பள்ளிக்கூடத்துக்கும் ஊருக்கும் நடுவுல வருதுன்னு எழுதிட்டுப் போங்க. "இதைக் கப்பியாவே சமப்படுத்துங்க, கார் நுழையாம தடுப்பு வைங்க, டிராக்டருக்கு வழி விடுங்க"ன்னு தீர்மானம் கேளுங்க. நிழலுக்கு ரெண்டு பக்கமும் புங்கையும் வேம்பும் கேளுங்க.

"நடங்க"ன்னு நான் சீட்டுல எழுதிக் கொடுக்க ஒரு நிமிஷம் போதும். நடக்குற இடத்தை ஊர்தான் எழுதிக் கொடுக்கணும்.

உங்க ஊர்ல இப்படி ஒரு பாதை இருந்தா கீழே பேர் போடுங்க. பக்கத்து ஊர்க்காரங்களுக்கு உதவும்.