அம்மா அப்பாவுக்கு ஒரு டூர் பிளான்!

புதுசா கல்யாணம் ஆனவங்க மட்டும்தான் ஜோடியா ஊர் சுற்றணுமா? நம்மைப் படிக்க வைத்தவர்களுக்கும் மூன்று நாள் வேண்டாமா?

மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று அடுக்கினால் பஸ் சீட்தான் மிஞ்சும். மூன்று நாளுக்கு இரண்டே ஊர் போதும் என்பேன்.

எங்கள் பழவேற்காடு ஏரியில் 'பாடு' முறை உண்டு. வலை விடும் இடத்துக்கு முறை வைத்துக்கொள்வார்கள். அப்பாவுக்கு முறை இல்லாத நாளாகப் பார்த்துத் தேதி குறிக்கணும். பொன்னேரியில் மின்சார ரயில். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் சுமார் 75 கி.மீ. அங்கே கோயில்கள் பெரும்பாலும் மதியம் நடை சாத்தி, 4 மணிக்கு மேல்தான் திறக்கும். 8-ஆம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய கைலாசநாதர் கோயிலை மாலையில் பார்க்கலாம். மறுநாள் மாமல்லபுரம். அதே மன்னன் எழுப்பிய கடற்கரைக் கோயில்! மீன் கூடையோடு மட்டுமே கடலைப் பார்த்த அம்மா, அங்கே சும்மா உட்கார்ந்து பார்க்கட்டும். மூன்றாம் நாள் வீடு.

"காசு தண்டம்"னு மறுப்பாங்க. விடாதீங்க! பாடத்துக்கு பார் சார்ட் போடுகிற நாம், வண்டி நேரம் எழுதிக் கண்டக்டரிடம் காட்ட ஒரு சீட்டு கொடுத்தால் போதும். கூடப் போக வேண்டாம், ஜோடியாகவே போகட்டும்.

முதல் சம்பளத்தில் வேட்டி, சேலையோடு இரண்டு டிக்கெட்டும் எடுப்போமா?